உங்கள் மூன்று படங்களும் ஏன் மங்கின?

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்து, ஒவ்வொன்றையும் மூலைமூலையாகப் பார்த்தேன். முதலாவது உங்கள் அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டில் (பூப்புனித நீராட்டு விழாவில்) எடுத்தது. இரண்டாவது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊரொன்றில் நடந்த வடமோடிக் கூத்தின் அரங்கேற்றத்தில் நள்ளிரவுக்குப் பின் எடுத்தது. மூன்றாவது மண்முனைப் பாலத்தருகே நின்று, மட்டக்களப்பு வாவிக்குள் நட்டிருந்த கம்பொன்றில் குந்தியிருந்த கூழைக்கடாவை எடுத்தது. மூன்றும் மங்கிப் போனதால், இரண்டாம் கையாக வாங்கிய நிக்கொன் கமராவின் வில்லை (லென்ஸ்) பழுதோ, விலை கூடிய வில்லை ஒன்றை வாங்கினால்தான் தீருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வில்லை பழுது என்று நான் நினைக்கவில்லை. அப்படியிருந்தால், 18–55 மில்லிமீற்றர் சூம் வில்லையால் எடுத்த முதல் இரண்டு படங்களாவது ஒரே விதமாகக் கெட்டிருக்க வேண்டும். உங்கள் மூன்று படங்களும் மூன்று வேறு காரணங்களால் கெட்டிருக்கின்றன. எல்லாக் காய்ச்சலுக்கும் பனடோல் போடுவதைப் போல மூன்றுக்கும் ஒரே செற்றிங்கை மாற்றிப் பயனில்லை.

மங்கிய படம் ஒவ்வொன்றும் தான் எப்படி மங்கியது என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கமராவின் பின்திரையில் படத்தைப் பெருப்பித்து முதலில் தேட வேண்டியது, அந்தப் படத்தில் எங்காவது ஒரு மூலையிலாவது கூர்மையான பொருள் ஒன்று இருக்கிறதா என்பதுதான். முகம் மங்கியிருக்க, பின்சுவரில் தொங்கும் கலண்டரின் எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக இருந்தால், அது போகஸ் தவறிய படம். சுவரும் தூணும் தெளிவாக இருக்க, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது உங்கள் கை. இழுபடல் எதுவும் இல்லாமல், படம் முழுவதும் பால் ஊற்றியது போல வெளிறி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், கண்ணாடியில் அழுக்கோ ஈரமோ படிந்திருக்கிறது. இந்த நான்கையும் பிரித்தறியப் பழகிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் முதற் படத்தை இப்படிப் பார்த்தேன். பிள்ளையின் முகமும் ஆலாத்தி எடுக்கும் பெண்களின் முகங்களும் மங்கியிருக்கின்றன; ஆனால் அவர்களுக்கு முன்னால் வைத்த நிறைகுடத்துத் தேங்காயின் தும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம், மாவிலையின் நரம்பும் தெரிகிறது. கமரா பிழையான பொருளை மிகச் சரியாகப் போகஸ் செய்திருக்கிறது. போகஸ் புள்ளியைத் தெரிவு செய்யும் வேலையை நீங்கள் கமராவிடமே விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டால், தனக்குக் கிட்ட இருப்பதையும் விளிம்பு துலக்கமாக இருப்பதையும்தான் அது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நமது சடங்குகளில் கிட்ட இருப்பது எப்போதும் குத்துவிளக்கும் நிறைகுடமும்தானே.

இதற்கான பரிகாரம் எளிது. போகஸ் பகுதியைத் தனிப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியை முகத்தின் மேல், இயன்றால் கிட்ட உள்ள கண்ணின் மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, போகஸ் பூட்டியதற்கான பச்சை அடையாளம் தெரிந்த பின்னரே முழுவதும் அழுத்துங்கள். புதிய மிரர்லெஸ் கமராக்கள் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்துவிடும். உங்களுடையது அந்த வகை அல்ல. ஒட்டோ போகஸுக்கு ஒளியும் நிறமும் வேறுபடும் ஒரு விளிம்பு தேவை. வெள்ளை வேட்டியின் நடுவிலோ சுண்ணாம்பு பூசிய சுவரிலோ புள்ளியை வைத்தால் வில்லை முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். புள்ளியைக் கரை வைத்த இடத்துக்கு நகர்த்தினால் உடனே பிடித்துவிடும். 18–55 வில்லைக்கு ஏறத்தாழக் கால் மீற்றருக்கும் குறைவான தூரத்தில் போகஸ் செய்ய இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள். மருதாணிக் கையையும் காப்பையும் பெரிதாகக் காட்ட விரும்பி மிகவும் நெருங்கிவிட்டு, கமரா பிடிக்கவில்லை என்று கமராவைத் திட்டுபவர்கள் பலர்; அரை அடி பின்வாங்கிச் சூம் செய்தாலே போதும்.

கூத்துப் படம்தான் உங்களுக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்திருக்கிறது என்பது தெரிகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படத்தின் விபரத்தைத் திறந்து பார்த்தேன். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/8 செக்கன். எஃப் என்பது வில்லைத் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்; ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறன்; ஷட்டர் என்பது ஒளியை உள்ளே விடும் நேரம். அந்த எட்டில் ஒரு செக்கன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கூத்து ஆடும் களரியைச் சுற்றிக் கட்டிய சிறு மின்குமிழ்களைப் பெருப்பித்துப் பாருங்கள்: ஒவ்வொரு குமிழும் புள்ளியாக இல்லாமல், தூண்டில் முள்ளைப் போல வளைந்த ஒரு கோடாக இருக்கிறது, எல்லாக் குமிழ்களும் அதே வளைவை, அதே அளவில், அதே திசையில் வரைந்திருக்கின்றன. அது உங்கள் கை அந்த எட்டில் ஒரு செக்கனில் போன வழியின் வரைபடம். கூத்தரின் உருவமோ அந்த வளைவோடு நில்லாமல், வேறு திசையிலும் இழுபட்டிருக்கிறது. ஆகவே கை அசைவும் ஆள் அசைவும் இரண்டும் இந்தப் படத்தில் சேர்ந்திருக்கின்றன.

கணக்கைப் பார்ப்போம். வாள் பிடித்துச் சுழலும் கை ஒரு செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1/8 செக்கனில் அது 62 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/125 இல் 4 சென்ரிமீற்றர். 1/500 இல் 1 சென்ரிமீற்றர் மட்டுமே. பரிசில் 1838 ஆம் ஆண்டு டாகர் எடுத்த தெருப் படமொன்றில், வண்டிகளும் ஆட்களும் நிறைந்த தெரு வெறிச்சோடியது போலத் தெரியும். ஒளி பதியச் சில நிமிடங்கள் எடுத்ததால் நடமாடியவர்கள் அனைவரும் அழிந்துபோக, சப்பாத்துத் துடைக்கக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவரும் துடைத்தவரும் மட்டும் பதிந்தார்கள். உங்கள் படத்தில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஓரளவு தெளிவாகவும் கூத்தர் புகையாகவும் இருப்பது அதே காரணத்தால்தான்.

இனி உங்களைக் கெடுத்த ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்கிறேன். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், 400 க்கு மேல் போகக்கூடாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கமராக்களுக்கு அது ஓரளவு பொருந்திய அறிவுரை. உங்கள் 24 மெகாபிக்சல் கமராவுக்கு அது பொருந்தாது. ஐஎஸ்ஓவை 400 இலிருந்து 6400 க்கு உயர்த்தினால் 16 மடங்கு. அதே வெளிச்சத்தில் 1/8 ஆக இருந்த ஷட்டர் 1/125 ஆகிவிடும். படத்தில் புள்ளிகள் தெரியும், உண்மைதான். ஆனால் புள்ளி தெரியும் படத்தை 6 க்கு 4 அளவில் அச்சிட்டால் புள்ளி கண்ணுக்கு அகப்படாது. இழுபட்ட முகத்தை எந்த அளவில் அச்சிட்டாலும் இழுபட்ட முகம்தான். இப்போது மங்கிய முகத்தைக் கூர்மையாக்கித் தருகிறோம் என்று வரும் செயலிகளைப் பலர் நாடுகிறார்கள். அவை இல்லாத கண்ணிமையையும் பல்லையும் தாமே கற்பனை செய்து ஒட்டுகின்றன; வெளிவருவது அழகான முகமாக இருக்கலாம், ஆனால் அது நம் வீட்டுப் பிள்ளையின் முகமாக இராது.

எத்தனை வேகம் வேண்டும் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. வில்லையின் குவியத் தூரத்தை (18, 55, 300 என்று வில்லையில் குறித்திருக்கும் எண்ணை) மில்லிமீற்றரில் எடுத்து, அதற்குக் குறையாத எண்ணை ஷட்டரின் கீழெண்ணாக வைப்பது அந்த விதி. உங்கள் கமராவின் சென்சர் பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. எனவே நிக்கொனுக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 55 மில்லிமீற்றரில் எடுத்தால் 1/80, 300 இல் எடுத்தால் ஏறத்தாழ 1/500. இது கையின் நடுக்கத்துக்கான விதி மட்டுமே. ஆள் அசைவதை இந்த விதி அறியாது. நின்றுகொண்டு கதைப்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500, பறக்கும் கொக்குக்கும் ஓடி விளையாடும் சிறுவருக்கும் 1/1000 அல்லது அதற்கு மேல் என்பது என் கைக்கணக்கு. வில்லையில் விஆர் என்ற எழுத்து இருந்தால் அது கைநடுக்கத்தை ஈடுசெய்யும். அதனால் மணவறையின் அலங்காரத்தை 1/20 இல் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். ஆனால் விஆர் எவ்வளவு திறமையாக இருந்தாலும் மணவறையில் இருக்கும் மாப்பிள்ளையைத் தலையாட்டாமல் இருக்கச் செய்யாது. என் தொழிலின் தொடக்க காலத்தில், தாலி கட்டும் நேரத்தில் 1/15 இல் எடுத்து, தூணும் தோரணமும் சிற்பம் போல விழுந்திருக்க, மாப்பிள்ளையின் கை மட்டும் மேகமாகிப் போன படத்தை அந்த வீட்டாருக்குக் கொடுக்க நேர்ந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டி அல்பத்தைப் புரட்டினார்கள்.

நடைமுறையில் இதை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக்கொண்டிருக்க இயலாது. மெனுவில் ஐஎஸ்ஓவை ஒட்டோவுக்கு விட்டு, அதன் உச்ச எல்லையை 6400 என்றும் குறைந்தபட்ச ஷட்டரை 1/250 என்றும் குறித்துவிடுங்கள். அதன் பிறகு, துவாரத்தை நீங்களும் ஷட்டரைக் கமராவும் தெரிவு செய்யும் ‘ஏ’ முறையில் எடுக்கும்போது, வெளிச்சம் குறையக் குறையக் கமரா முதலில் ஐஎஸ்ஓவை உயர்த்தும். எல்லை முட்டிய பின்னர்தான் ஷட்டரைத் தளர்த்தும். கூத்துக்கும் நடனத்துக்கும் போகும்போது ‘எஸ்’ முறைக்குத் திருப்பி 1/500 என்று நீங்களே கட்டிவிடுவது இன்னும் நல்லது. படம் இருண்டு விழுந்தால் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கலாம். கெனன் வைத்திருப்பவர்களுக்கு அதே முறை ‘ரீவி’ என்ற பெயரில் இருக்கும்.

ஆனாலும் களரியில் 18–55 வில்லையோடு 1/500 எட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் செற்றிங்கைவிடக் காது உதவும். வடமோடியின் ஆட்டம் எவ்வளவு விசையானதாக இருந்தாலும், அது ஓயாமல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. துள்ளி எழுந்தவர் உச்சியில் ஒரு கணம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்பார். சுழன்று வந்தவர் மத்தளத்தின் தீர்மானம் (தாளக்கட்டை முடிக்கும் அடி) விழும் இடத்தில் காலை ஊன்றி நிமிர்வார். அந்தக் கணங்களில் உடலின் வேகம் ஏறத்தாழ இல்லாமற் போவதால் 1/125 கூடப் போதும். நான் கூத்துக்குப் போனால் அண்ணாவியாருக்குக் கிட்ட இடம் பிடித்து, முதல் அரைமணி நேரம் ஒரு படமும் எடுக்காமல் மத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தாளக்கட்டு காதில் ஏறிய பின் தீர்மானம் எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கமராவுக்கும் விரலுக்கும் இடையில் சிறு தாமதம் உண்டாதலால், அடி விழுந்த பின் அல்ல, விழப்போகும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரத்துக்குத் தொடர் படங்களாக மூன்று நான்கு எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக இருக்கும். நகரும் கூத்தரைப் பின்தொடரும்போது போகஸைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே வரும் ‘ஏஎஃப்-சி’ முறைக்கு மாற்றி, பாதி அழுத்திய பொத்தானை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நிற்பவர்களுக்கு ‘ஏஎஃப்-எஸ்’ போதும்.

பிளாஷ் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கமராவின் தலையில் எழும்பும் சிறு பிளாஷ், எஃப் 5.6 இலும் ஐஎஸ்ஓ 100 இலும் இரண்டு மீற்றருக்குச் சற்று மேல்தான் எட்டும். ஐஎஸ்ஓ 400 இல் நான்கு மீற்றர். வீட்டு மண்டபத்தில் கிட்ட நிற்பவரை அது உறைய வைத்துவிடும், ஏனெனில் பிளாஷின் ஒளி ஆயிரத்தில் ஒரு செக்கனோ அதற்கும் குறைவாகவோதான் நீடிக்கிறது. வட்டக்களரிக்கு வெளியே பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி நின்று அதைப் போட்டால், உங்களுக்கு முன்னால் பாயில் இருக்கும் ஆச்சியின் கொண்டைதான் வெளிச்சமாக விழும். அத்தோடு, இரவிரவாக ஆடுபவர்களின் கண்ணில் அதை அடிப்பது எனக்கு உடன்பாடும் அல்ல.

கையைப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்திரையைப் பார்த்துக் கையை நீட்டிப் பிடிப்பதை விட்டு, கண்ணைக் கமராவில் ஒட்டி, இடது உள்ளங்கையை வில்லைக்குக் கீழே தாங்கி, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்து, மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் பொத்தானைக் குத்தாமல் மெல்லப் பிழியுங்கள். தூணோ மாமரமோ கிடைத்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். முக்காலி தூக்கிச் செல்ல விருப்பமில்லாதவர்கள், கமராவின் அடியில் முக்காலி பூட்டும் கால் அங்குலப் புரிக்குப் பொருந்தும் ஆணியொன்றில் உறுதியான நைலோன் கயிற்றைக் கட்டி, மறு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கமராவை மேலே இழுத்துப் பிடிக்கலாம். கயிறு விறைத்து நிற்க, மேல்கீழ் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். வலைக் கயிற்றில் ஒரு துண்டைக் கேட்டால் நமது கரையில் யாரும் மறுக்க மாட்டார்கள். உங்கள் உயரத்துக்கு நான்கு முழம் வேண்டியிருக்கும்.

முக்காலி வைத்தாலும் மங்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. கல்லடியில் இரவு வாவியில் விழும் விளக்கொளியைச் செக்கன் கணக்கில் திறந்துவைத்து எடுக்கப் போனால், விரல் அழுத்தும் அதிர்வே போதும், படம் கெட்டுவிடும். இரண்டு செக்கன் டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பழைய விஆர் வில்லைகளை முக்காலியில் வைக்கும்போது விஆரை அணைத்துவிட வேண்டும். இல்லாத அசைவைத் தேடி அதுவே ஆடத் தொடங்கிவிடும். பாலத்தின் மேல் முக்காலியை நிறுத்தினால், கடந்து போகும் ஒவ்வொரு வாகனமும் அதன் மூன்று கால்களையும் அதிர வைக்கும். வாகனம் இல்லாத இடைவெளிக்குக் காத்திருங்கள், அல்லது கீழே இறங்கிக் கரையில் நில்லுங்கள். தோணியில் முக்காலி வேண்டவே வேண்டாம். அங்கே ஆடுவது நிலமே. இருந்தபடி முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, 1/1000 இல் எடுங்கள்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். முதலில் எனக்கும் அது புதிராகத்தான் இருந்தது. 300 மில்லிமீற்றர், ஷட்டர் 1/1000. கை நடுங்கியிருக்க வழியில்லை. பறவையும் அசையவில்லை. போகஸ் தவறியிருந்தால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள தண்ணீராவது கூர்மையாக இருக்க வேண்டும், அதுவும் இல்லை. நீங்கள் தொடர்ந்து எடுத்த ஏழு படங்களையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது: பறவை குந்தியிருந்த கம்பின் விளிம்பு ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் நெளிகிறது. நேரத்தைப் பார்த்தேன், பகல் 12.40. அது கானல். வெயிலில் சூடேறிய தாரும் மணலும் கரையின் கற்களும் தமக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்க, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறிமாறி எழும்பி, ஊடே வரும் ஒளியை ஒவ்வொரு கணமும் வேறு பக்கம் வளைக்கின்றன. தூரம் கூடக் கூட, வில்லையின் குவியத் தூரம் கூடக் கூட, அது மோசமாகும். ஒரு இலட்சம் ரூபாய் வில்லை வாங்கினாலும் அந்தக் காற்றை விலைக்கு வாங்க முடியாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பிலும் இதே தொல்லை உண்டு: தீக்குழியின் நீளவாக்கில் தாழ்ந்திருந்து, தணலுக்கு மேலாக எடுத்தால் முகங்கள் எல்லாம் நெளிந்துதான் வரும், பக்கவாட்டில் நின்று எடுத்தால் தெளிவாக விழும்.

கானலுக்குப் பரிகாரம் நேரமும் தூரமும் மட்டுமே. காலை 8 மணிக்கு முன்னர் போங்கள். கம்புக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போங்கள். எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் வைத்தது படமெடுப்பவருக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் நேராக விழும். மாலையில் படுவான்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். நேர் வெளிச்சம் விழும்போது ஐஎஸ்ஓவை அதிகம் கூட்டாமலே 1/1000 கிடைக்கும், போகஸும் சட்டெனப் பிடிக்கும்.

அந்தப் படத்தில் மெல்லிய வெளிறலும் இருக்கிறது. வில்லையின் முன்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், உப்புப் படிந்திருக்கும். நமது கடற்கரையில் ஒரு மணித்தியாலம் கமராவைத் திறந்து வைத்திருந்தாலே உப்புப் படலம் ஏறிவிடும். அதைச் சேலைத் தலைப்பாலோ சட்டையாலோ உலர்வாகத் துடைத்துவிடாதீர்கள். உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். முதலில் றப்பர் ஊதியால் ஊதித் தூசைப் போக்கி, கண்ணாடியில் மெல்ல மூச்சுவிட்டு ஈரமாக்கி, வில்லை துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். மலிவான யூவி கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீண்ட வில்லைகளில் அதுவே படத்தை மந்தமாக்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஈரம் இன்னொரு எதிரி. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஏசி அறையில் இரவு வைத்த கமராவை விடியற்காலையில் நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால், குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் பனியாகப் படியும். சூரியன் கடலை விட்டு எழும் அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் துடைத்துக்கொண்டு நிற்பீர்கள், துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். அறையை விட்டுப் புறப்படும் முன் கமராவைப் பொலித்தீன் பையொன்றில் காற்றுப் புகாமல் கட்டி, வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் பைக்குள்ளேயே வையுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கமரா மெல்லச் சூடேறிவிடும். மார்கழி மழைக் காலத்தில் வில்லையை அலுமாரிக்குள் தோற்பையில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; சிலிக்கா ஜெல் போட்ட, மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அரிசி மாவு சூம் வளையத்துக்குள் புகுந்துகொள்ளும்.

எல்லாம் கூர்மையாக விழ வேண்டும் என்று எஃப் 22 இல் எடுக்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். துவாரம் மிகவும் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுவதையும் மெல்ல மந்தமாக்கும். காட்சிப் படங்களுக்கு எஃப் 8 க்கும் 11 க்கும் இடையில் நின்றுகொள்ளுங்கள்.

வில்லை வாங்குவது பற்றிக் கேட்டதற்குப் பதில்: வாங்கத்தான் வேண்டும் என்றால், விலை கூடிய சூம் வில்லை வேண்டாம், 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை ஒன்றை வாங்குங்கள். உங்கள் 18–55 வில்லை முழுச் சூமில் திறக்கும் எஃப் 5.6 ஐ விட அது ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே களரியில், அதே விளக்கில், ஐஎஸ்ஓ 3200 இலேயே 1/600 அளவு வேகம் கிடைக்கும். நிக்கொனின் 3000, 5000 தொடர்க் கமராக்களுக்குள் போகஸ் மோட்டர் இல்லை. ஆதலால் இரண்டாம் கையாக வரும் பழைய ‘டி’ வகை 50 வில்லை உங்கள் கமராவில் பூட்டும், படமும் எடுக்கும், ஆனால் தானாகப் போகஸ் செய்யாது. ‘ஏஎஃப்-எஸ்’ என்று வில்லையில் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; இது முன்னர் சொன்ன போகஸ் முறை அல்ல, வில்லைக்குள்ளேயே மோட்டர் இருப்பதைக் காட்டும் எழுத்து. எஃப் 1.8 இல் இரண்டு மீற்றர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர், அரைச் சாண்தான். ஒரு மீற்றருக்குக் கிட்டினால் 3 சென்ரிமீற்றர். மூக்கு நுனி தெளிந்து கண் மங்குவது அந்த வில்லையில் சர்வசாதாரணம். ஆகவே குடும்பமாக இரண்டு வரிசையில் நிற்பவர்களை அதே எஃப் 1.8 இல் எடுத்துவிட்டு, பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா மங்கிவிட்டார் என்று மீண்டும் எனக்கு எழுதாதீர்கள். அதற்கு எஃப் 5.6 தான் பொருத்தம்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் சுருக்கமில்லாமல் நான்கு மூலையும் ஒட்டி, கமராவை மேசையில் புத்தகங்களின் மேல் சுவருக்கு நேராக வைத்து, இரண்டு செக்கன் டைமரைப் போட்டு, எஃப் 8 இல் ஒன்றும் முழுத் திறப்பில் ஒன்றும் எடுங்கள். இரண்டு வில்லைகளுக்கும் தனித்தனியே செய்யுங்கள். சிறிய எழுத்துகள் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் வில்லை நலமாக இருக்கிறது. முழுத் திறப்பில் மூலைகள் மட்டும் சற்று மந்தமாக இருப்பது எல்லா வில்லைக்கும் இயல்பு. எஃப் 8 இலும் இடப்பக்கம் தெளிந்து வலப்பக்கம் மட்டும் மங்கினால், அந்த வில்லை எங்கோ விழுந்து உள்ளே சாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்படி வந்தால் அந்தத் தாளின் படத்தையும் கமராவையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள், என்னிடமுள்ள 18–55 வில்லையைப் பூட்டி அதே தாளை எடுத்துப் பார்த்துவிடுவோம்.